மடிப்பு வீட்டுத் தெள்ளுப்பூச்சி

என் தம்பியை அவன் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘மடிப்பு’ என்பார்கள். இரட்டைக் கட்டில் விரிப்பைத் துணைக்கு ஆள் இல்லாமல், ஒரு நுனிகூடத் தரையில் படாமல், நாலு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்படி மடிப்பான். அவன் அடுக்கி வைத்ததைப் பக்கவாட்டில் பார்த்தால் எது எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆஸ்பத்திரி விரிப்பும் விடுதி விரிப்பும் உணவகத்துச் சமையலறைத் துணியும் வந்து குவிகிற இடம் அது. கறையைப் பார்த்தே சொல்வான்: இது தேநீர், இது துரு, இது மருந்து, இது ரத்தம், இதுவும் ரத்தம்தான் ஆனால் யாரோ அவசரப்பட்டு வெந்நீரில் போட்டுக் கெடுத்துவிட்டார்கள். அம்மா போன பிறகு அவனுக்குத் தலைவாரி விட்டு வளர்த்தவள் நான். அதனால் கூட்டிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். கூடத்தின் மேற்பார்வையாளரைக் கேட்டால் இன்னும் அதிகமாகச் சொல்வார்.

அவன் மனைவி பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டு கொடுக்கும் ஜன்னலில் வேலை பார்த்தவள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். வரிசையில் முண்டுகிறவனைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தே ஒரு வார்த்தையில் உட்கார வைத்துவிடுவாள். நாய்க்குப் பெயர் வைத்தவளும் அவள்தான். குட்டைக் கால், பழுப்பு உடம்பு, ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்த நாய் அது. “இந்த வீட்ல வேலை வெட்டி இல்லாம சாப்பிட்டுட்டு அதிகாரம் பண்றது இவர் ஒருத்தர்தான் அண்ணி. முதலாளின்னு கூப்பிடாம வேற எப்படிக் கூப்பிடறது?” என்றாள். முதலாளி என்றே நிலைத்துவிட்டது.

பிறகு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்தது. பேச்சும் போயிற்று. அத்தனை பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் தங்கியது. ‘வா.’ என்னைப் பார்த்தாலும் வா, கஞ்சிக் கரண்டியைப் பார்த்தாலும் வா, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாலும் வா. ஆனால் அந்தச் சொல்லுக்கு உண்மையிலேயே வந்தது முதலாளி ஒருவர்தான். கட்டிலில் முன்னங்கால் வைத்து ஏறி, அவளுடைய இடது கைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொள்ளும். உடனே அந்த விரல்கள் அசையத் தொடங்கும். கைப்பயிற்சி சொல்லித்தர வந்த பெண்ணிடம் ரப்பர் பந்தைத் தூக்கி எறிந்தவள், நாயின் முடிக்குள் மணிக்கணக்காக விரலை ஓட்டிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் அவள் முகம் பழைய முகமாக இருக்கும்.

தம்பி வேலைக்குப் போகும் காலை நேரங்களில் நான் போய் அவளுடன் இருப்பேன். ஒருநாள் அவன் கிளம்புமுன் விரிப்பை மாற்றும்போது கால்மாட்டில் மிளகுப் பொடி சிந்தினது போலக் கருப்பாகக் கிடந்தது.

“துரு உதிர்ந்திருக்கும்டா. கட்டில் கம்பி பழசு” என்றேன்.

அவன் கட்டைவிரலை நனைத்து அந்தப் பொடிமேல் அழுத்தினான். விரலைத் திருப்பிக் காட்டினான். செம்பழுப்பு.

“அக்கா, இது ரத்தம்.”

இரண்டு பேருமாக அவளைத் திருப்பிப் போட்டு எங்கே காயம் என்று தேடினோம். காயம் இல்லை. கணுக்காலைச் சுற்றியும் முழங்காலுக்குப் பின்னாலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், ஒரே வரிசையில் தையல் போட்ட மாதிரி.

அன்றைக்கு வாராந்தர நர்ஸ் வரும் நாள். வந்தவர் புள்ளிகளைப் பார்த்தார், விரிப்பைப் பார்த்தார், நேராக முதலாளியிடம் போய் வாலடி முடியை விலக்கினார். கடுகை விடச் சிறியதாக ஒன்று ஓடி மறைந்தது.

“தெள்ளுப்பூச்சி. அது நாயைக் கடிச்சுக் குடிச்ச ரத்தம்தான் கழிவா இங்க விழுந்திருக்கு.”

“எங்க வீட்லயா சிஸ்டர்?” என்றான் தம்பி. வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள் என்று சொன்னால்கூட அவன் முகம் அப்படிப் போயிருக்காது.

“சுத்தமான வீடு, அழுக்கு வீடுன்னெல்லாம் அதுக்குத் தெரியாதுங்க. சூடா ஒரு உடம்பு இருந்தாப் போதும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா ஒண்ணு. இவங்களுக்குச் சர்க்கரை இருக்கு. சொறிஞ்சு புண்ணாச்சுன்னா ஆறாது. ஆறலைன்னா வீட்ல வச்சிருக்க நான் ஒத்துக்க முடியாது, பராமரிப்பு இல்லத்துக்குத்தான் அனுப்பணும். அங்க நாயெல்லாம் விடமாட்டாங்க. இப்பவே சொல்லிடறேன்.”

“துணிதானே சிஸ்டர்? எங்கிட்ட விடுங்க. நான் ஒழிச்சுக் காட்றேன்” என்றான்.

விரிப்பு, போர்வை, தலையணை உறை, முதலாளி படுக்கும் பழைய கம்பளி எல்லாவற்றையும் பையில் கட்டிக் கூடத்துக்கு எடுத்துப்போய், ஆஸ்பத்திரித் துணிக்கு வைக்கிற அதே கொதிநீரில் போட்டான். மெத்தையை நிமிர்த்தி, தையல் ஓரங்களில் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காயவைத்தான். திரும்ப விரித்தபோது அந்தக் கட்டில் பெரிய விடுதிக் கட்டில் போல இருந்தது. நான் நின்று பார்த்தேன். இப்படி ஒரு வேலைக்காரனிடம் எந்தப் பூச்சி நிற்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் விரிப்பில் மறுபடி பொடி விழுந்திருந்தது.

நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி அவன் வெள்ளைக் காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டு அறைக்குள் மெதுவாக நடந்தான். அந்த வீட்டுத் தரை பலகைத் தரை. பலகைக்குப் பலகை நகம் நுழையும் இடுக்கு. கதவிலிருந்து கட்டில் வரை போவதற்குள் காலுறைமேல் கரும்புள்ளிகள் ஏறிவிட்டன. தண்ணீர் நிரம்பிய வாளிக்குள் காலுறையை உதறினான். பிறகு தினமும் அதே சோதனை. கீழ்வீட்டுத் தையல்காரம்மா படியில் பார்த்துவிட்டு விடவில்லை.

“என்ன தம்பி, வெள்ளை சாக்ஸெல்லாம் போட்டு? இந்த வயசுல பள்ளிக்கூடம் சேத்துக்கிட்டாங்களா?”

“ஆமாக்கா. கணக்குப் பாடம். தினமும் கூட்டல் மட்டும்தான் நடத்துறாங்க.”

அவள் சிரித்தாள். காரணம் தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, அவள் வீட்டு வேக்குவம் மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தாள். “திருப்பித் தரும்போது பையைக் காலி பண்ணிட்டுக் குடு சாமி. உன் விருந்தாளிங்களை எனக்கு அனுப்பிடாத.”

நாயால் வந்த வினை, நாயைக் கொஞ்சநாள் அப்புறப்படுத்தினால் தீரும் என்று எங்களுக்குத் தோன்றியது. முதலாளியை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டுத் தரையில் படுக்க வைத்தேன். அது கதவைப் பார்த்தபடியே படுத்திருந்தது. அங்கே அவளும் கதவைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். “வா. வா. வா.” நான் பக்கத்தில் உட்கார்ந்து, “நான் வந்திருக்கேன்மா, பாரு” என்றால் என்னை ஒதுக்கித் தலையைச் சாய்த்துக் கதவைப் பார்ப்பாள். கஞ்சியை வாயில் வாங்கிக்கொண்டு விழுங்க மாட்டாள். கடிகள் குறையவும் இல்லை. கணுக்காலிலிருந்து தொடைக்கு ஏறின, தோளுக்கு வந்தன.

நர்ஸ் வந்து தலையில் அடித்துக்கொள்ளாத குறை. “நாயை அனுப்பிட்டீங்களா! அப்ப இடுக்குல இருக்கற பசிச்ச பூச்சியெல்லாம் எங்க போகும்? தட்டிவிடவும் முடியாம எழுந்து நடக்கவும் முடியாம படுத்திருக்கறது இவங்க ஒருத்தங்கதானே?”

அன்றைக்கே முதலாளியைத் திருப்பிக் கொண்டுவந்தேன். படியேறும்போதே உள்ளே இருந்து ‘வா’ கேட்டது. அது கயிற்றை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடியது. கட்டிலில் ஏறி அவள் கழுத்தடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவள் ஒரு பக்க உதட்டால் சிரித்தாள். தம்பி அடுப்படியில் போய் நின்றுகொண்டான்.

அடுத்து நாய் டாக்டரிடம் போனோம். சின்ன வயதுப் பெண். பொறுமையாகச் சொன்னார்.

“நாய் மேல நீங்க பாக்கறது கொஞ்சம்தான். முட்டையெல்லாம் உதிர்ந்து பலகை இடுக்குல, மெத்தைக்கு அடியில போயிருக்கும். புழுவாகி, கூடு கட்டிக்கும். கூட்டுக்குள்ள இருக்கறதை எந்த மருந்தும் தொடாது. நடமாட்டமும் சூடும் தெரிஞ்சாத்தான் வெளிய வரும். வர்றது நாய் மேல ஏறணும். நாய் மேல மருந்து இருக்கணும். ஏறினது சாகணும். அதனால நாயை எங்கயும் அனுப்பாதீங்க. இனி உங்க பொறியே இவன்தான்.”

“முதலாளிக்கு இப்பத்தான் வேலை கிடைச்சிருக்கு” என்றான் தம்பி. பல நாளைக்குப் பிறகு அவன் சொன்ன முதல் வேடிக்கை அது.

தோள்களுக்கு நடுவே முடியை விலக்கி, சின்னக் குழாயிலிருந்து மருந்தைச் சொட்டினார். “ரெண்டு நாளைக்குத் தண்ணி படக்கூடாது.”

“அதுக்கப்புறம் குளிப்பாட்டலாமா டாக்டர்?”

“ம், குளிப்பாட்டலாம்.”

எதைப் போட்டு என்று அவர் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

மருந்து விட்ட இடத்தில் முடி எண்ணெய்ப் பிசுக்காக ஒட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பிசுக்கைப் பார்க்கும்போதெல்லாம் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாழ்க்கை முழுக்கப் பிசுக்கை எடுத்தே பிழைத்தவன். சொன்ன இரண்டு நாளும் கை வைக்காமல் காத்திருந்தான். அது முடிந்த மறுநாள் கூடத்திலிருந்து ஒரு புட்டியில் சோப்பு நீர் கொண்டுவந்தான். உணவகத்துச் சமையலறைத் துணிகளுக்குப் போடுவது. அடுப்பு துடைத்துத் துடைத்துத் தோல் மாதிரி ஆன துணியைக்கூட ஒரே அலசலில் மொடமொடவென்று ஆக்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் அதை அளந்து கலந்து, முதலாளியைத் தொட்டியில் நிறுத்தி, கழுத்திலிருந்து வால் வரை தேய்த்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் இந்தக் குளியல். அலசுகிற தண்ணீர் தெளிவாக வரும்வரை விடமாட்டான். குளித்து வந்த நாயின் வயிறு புது விரிப்பு போல வெளுத்திருந்தது.

“இதையும் மடிச்சு அடுக்கிடாதடா” என்றேன். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

மற்ற எல்லாமே டாக்டர் சொன்னபடி நடந்தது. கூடத்திலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலை இழுத்து நகர்த்துவான். அவள் படுத்தபடியே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பயணம் போவாள். வேக்குவத்தின் ஒடுங்கிய மூக்கை ஒவ்வொரு இடுக்கிலும் ஓட்டுவான். பையைக் கட்டித் தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு வருவான். விரிப்பு தினமும் கொதிநீருக்குப் போயிற்று. அப்படியும் வெள்ளைக் காலுறையில் புள்ளிகள் ஏறின. குறைந்தமாதிரி இருக்கும், மறுவாரம் பழையபடி ஆகிவிடும். முதலாளி உட்கார்ந்து உட்கார்ந்து சொறிந்தது. அடிவயிற்றில் தோல் செதிலாக உரிந்தது. பூச்சிக்கடி முற்றிவிட்டது என்று அவன் இன்னும் நன்றாகத் தேய்த்தான்.

அவளும் சொறிந்தாள். இருக்கிற ஒரு கையால் எட்டியமட்டும் சொறிந்தாள், எட்டாத இடத்துக்கு ஒரு காலால் மறுகாலைத் தேய்த்தாள். நகத்தை ஒட்ட வெட்டினோம். பருத்திக் கையுறை மாட்டினோம். கையுறையோடு நாயைத் தடவிப் பார்த்தாள். முடி விரலுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி எறிந்தாள். “வா” என்று என்னைப் பார்த்துக் கோபமாகச் சொன்னாள். திட்டுகிறாள் என்று புரிந்தது. கால் சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு புண் திறந்துகொண்டது. நர்ஸ் அதைச் சுத்தம் செய்து கட்டினார். அடுத்த முறை வந்தபோது கட்டைப் பிரித்து, அளவுகோல் வைத்துப் புண்ணை அளந்து எழுதிக்கொண்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டாம் தவணை மருந்துக்குப் போனபோது டாக்டர் முதலாளியின் முதுகில் கையை வைத்தவர் எடுக்கவில்லை.

“தோல் ஏன் இப்படி வறண்டு கிடக்கு? எதைப் போட்டுக் குளிப்பாட்றீங்க?”

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்து விவரமாகச் சொன்னான். என்ன சோப்பு, எத்தனை பங்கு தண்ணீர், எப்படி அலசுவது எல்லாம். டாக்டர் கேட்டு முடித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அந்த மருந்து தோல்ல இருக்கற எண்ணெய்லதாங்க தங்கும். அந்த எண்ணெய் வழியாத்தான் உடம்பு பூரா பரவும். நீங்க அந்த எண்ணெயையே வழிச்சு எடுத்திருக்கீங்க. சாதாரண நாய் ஷாம்பூ, எப்பவாவது ஒரு தடவைன்னா பரவாயில்ல. இது… மருந்து நாய் மேல இல்லவே இல்ல. இத்தனை நாளும் அதுங்களுக்குச் சாப்பாடு மட்டும்தான் இருந்திருக்கு.”

“முழுசாவா போயிருக்கும் டாக்டர்?”

“நீங்க சொல்ற மாதிரி தேச்சிருந்தா, முழுசா.”

திரும்பி வரும் வழியில் அவன் முதலாளியைப் பார்த்துக்கொண்டே நடந்தான். எங்கள் தெரு திரும்பும் இடத்தில் நின்றான்.

“நல்லா வெளுத்திருக்கேன்லக்கா?”

“விடுடா. யாருக்குத் தெரியும் இதெல்லாம்?”

“எண்ணெய் எடுக்கத் தெரியாத ஒருத்தன் வீடா இருந்தா இந்நேரம் ஒழிஞ்சிருக்கும்” என்றான்.

தோல் ஆறட்டும் என்று டாக்டர் சொன்ன நாள்வரை காத்திருந்து புதிய மருந்து விட்டோம். இந்த முறை பிசுக்கு அப்படியே கிடந்தது. அவன் அதைத் தொடவில்லை. சில நாளில் விரிப்பில் செத்த பூச்சிகள் கிடந்தன. தம்பி அவற்றை ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் எடுத்து வைத்துக்கொண்டு நர்ஸுக்காகக் காத்திருந்தான். மார்க்குத் தாள் காட்டக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி.

நர்ஸ் கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார். புண்ணின் ஓரம் கருத்திருந்தது. வாடை வந்தது.

“இப்பத்தான் சிஸ்டர் மருந்து வேலை செய்யுது. பாருங்க, எல்லாம் செத்தது. கூட்டுல இருக்கற மிச்சமும் வெளிய வந்துட்டா முடிஞ்சது. கொஞ்சம் டைம் குடுங்க.”

“எவ்வளவுன்னு டாக்டர் சொன்னாங்க?”

அவன் தரையைப் பார்த்தான். “மூணு மாசம்கூட ஆகலாமாம்.”

“பூச்சி சாகறதுக்குள்ள கால் போயிடும்பா” என்றார் நர்ஸ். அவரும் உட்கார்ந்துவிட்டார். “நான் முடிஞ்ச வரைக்கும் தள்ளிப் போட்டேன். உங்க வேலையில நான் குறை சொல்லவே மாட்டேன்.”

வண்டி வந்த அன்று மத்தியானம் நல்ல வெயில். பராமரிப்பு இல்லத்து ஆட்கள் இருவர் அவளை நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கினார்கள். தையல்காரம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். தம்பி முன்னால் இறங்கி, திருப்பத்தில் அவள் கால் சுவரில் இடிக்காமல் கையை வைத்து மறைத்தபடி வந்தான். வண்டிக்குள் ஏற்றியதும் அவள் திரும்பிப் பார்த்தாள். “வா” என்றாள். முதலாளி ஓடிப்போய் வண்டியின் படியில் முன்னங்காலை வைத்தது. வண்டிக்குள் நின்ற ஆள் முரடர் இல்லை. காலால் மெல்லத் தள்ளி இறக்கினார். மறுபடி ஏறியது. மறுபடி இறக்கினார். “பிடிச்சுக்கங்கம்மா” என்றார் என்னிடம். கதவைச் சாத்தும்வரை அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாத்தின பிறகும் கேட்டது.

இல்லத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நேரத்துக்கு உணவு, நேரத்துக்குக் கட்டு. அந்தக் கால்விரலை எடுக்க வேண்டியிருந்தது, கால் தப்பியது. முதல் வாரங்களில் அவள் போவோர் வருவோரை எல்லாம் கூப்பிட்டாள். வந்தவர்கள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டாள். “இப்ப ரொம்ப அமைதி. நல்லாப் பழகிட்டாங்க” என்று தலைமை நர்ஸ் எங்களிடம் சந்தோஷமாகச் சொன்னார். தம்பி “ஆமாங்க” என்றான். அவள் இடது கையைப் பிடித்துத் தன் தலைமுடிக்குள் வைத்துப் பார்த்தான். கை வைத்த இடத்திலேயே கிடந்தது.

வீட்டில் இப்போது பூச்சி கிடையாது. டாக்டர் சொன்ன காலக்கெடுவுக்கு முன்பே ஒழிந்துவிட்டது.

இல்லத்தில் அவள் கட்டில் நீண்ட அறையின் உட்பக்கச் சுவரை ஒட்டி இருக்கிறது. எதிர்ப்பக்கம் தெருவைப் பார்த்த ஜன்னல்கள். நாயைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினால் ஜன்னல் ஓரக் கட்டிலிலிருந்து தெரியும் என்று தம்பி கண்டுபிடித்தான். தலைமை நர்ஸிடம் போய்க் கேட்டான்.

“ஜன்னல் பக்கம் கொஞ்சம் கட்டில்தாங்க இருக்கு. எல்லாத்துலயும் ஆள் இருக்காங்க. யாராவது ஒருத்தங்க…” என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“அப்படி வேண்டாம் சிஸ்டர். இருக்கட்டும்” என்றான்.

ஆனாலும் விடுமுறை நாட்களில் முதலாளியைக் கூட்டிக்கொண்டுதான் போகிறோம். நான் எதிர்ப்புற நடைபாதையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவன் உள்ளே போவான். ஜன்னல்களில் முன்பின் தெரியாத இரண்டு மூன்று பேர் நாயைப் பார்த்துக் கையசைப்பார்கள். நானும் அசைப்பேன். போன வாரம் அவன் சீக்கிரமே வெளியே வந்துவிட்டான்.

“என்னடா, அதுக்குள்ள?”

“தூங்குறா.”

“எழுப்பிப் பாக்க வேண்டியதுதானே?”

“கண்ணைத் திறந்துக்கிட்டேதான்க்கா” என்றான்.

கயிற்றை வாங்கி இழுத்தான். முதலாளி நகரவில்லை. வாயிலைப் பார்த்தபடி நாலு காலையும் ஊன்றி உட்கார்ந்துவிட்டது. இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு அவன் குனிந்து அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.